காற்றுக்கு முறுக்கிய வண்டி

இந்தப் பைக் சாமான் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதை எழுதுகிறேன். அடுத்த வாரம் முதல் நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கப் போகிறேன். ஏழு வருடம் கவுண்டரில் நின்று கற்றதை எல்லாம் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் படிக்க மாட்டேன். செயின் மாட்டுவது, பிரேக் எண்ணெய் மாற்றுவது போன்றவற்றுக்கு நம் தலைமை மெக்கானிக் ஸ்டீபன் அண்ணன் இருக்கிறார். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சாமானைப் பற்றி: ஸ்டியரிங் ஸ்டேபிலைசர்.

அதை மட்டும் ஏன் சொல்கிறேன் என்றால், வேறு எந்தச் சாமானைத் தப்பாகத் தேர்ந்து கொடுத்தாலும் வாங்கியவர் திரும்பி வந்து திட்டுவார். இதைத் தப்பாகக் கொடுத்தால் அவர் திரும்பி வராமலே போகலாம்.

பார்க்க எளிய சாமான். ஒரு சாண் நீளக் குழல், உள்ளே எண்ணெய். ஒரு முனை வண்டியின் சட்டத்தில், மறுமுனை முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். வெடுக்கென்று உதறினால் பிடித்துக்கொள்ளும். கதவு அறைந்து சாத்தாமல் இருக்க மேலே ஒரு கை மாட்டுவார்களே, ஏறக்குறைய அதே வேலை. பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். திருகத் திருகப் பிடிப்பு கூடும், ஒவ்வொரு படிக்கும் ஒரு 'கிளிக்'.

எனக்குப் பட்டியல் இல்லாமல் வேலை ஓடாது. கல்லூரியை முடித்து வந்தபோதே இதற்கும் ஒன்று வைத்திருந்தேன். டயரில் காற்று, டயர் தேய்மானம், சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, சக்கர பேரிங், ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறதா. இந்த ஆறும் சரியாக இருந்து, அப்புறமும் வண்டி ஆடினால் ஸ்டேபிலைசர் போடலாம். பட்டியலில் இருந்த எதுவும் தப்பில்லை. ஆனால் அது வேறு ஊரில் உட்கார்ந்து எழுதிய பட்டியல்.

உங்களில் ஒருவர் மதுரைப் பக்கம் என்பதால் நம் காற்றைப் பற்றி நாலு வரி. வைகாசி முடிந்து ஆனி பிறந்தால், மேற்கே இருந்து வருகிற காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து கிழக்கே பாயும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் போகிறவருக்கு அது இடது பக்கம் அடிக்கும். மலை மறைக்கிற இடத்தில் ஒன்றுமே தெரியாது. மலை விலகியதும் யாரோ தோளில் கைவைத்துத் தள்ளியது போல வரும். காற்றாலைக்காரர்களுக்கு அது அறுவடைக் காலம். பைக்கில் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டுகிற காலம்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் அந்தக் காற்று தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தபோது சுயம்பு அண்ணன் கடைக்கு வந்தார். வீடு இங்கேயே நாகர்கோவிலில், வடசேரி. முப்பந்தல் பக்கம் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பராமரிக்கிற வேலை. அவர் மனைவி லேகா கணக்கு டீச்சர். அந்த ஜூனில்தான் அவருக்குப் பணகுடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அதுவரை பைக்கில் தனியாகப் போய்வந்த சுயம்பு அண்ணன், இப்போது மனைவியையும் பின்னால் வைத்துக்கொண்டு கணவாயைத் தாண்டத் தொடங்கியிருந்தார்.

"தங்கச்சி, ஒரு ஸ்டேபிலைசர் வேணும். உள்ளதுலயே நல்லதா எடுத்துப் போடு."

"வண்டிக்கு என்ன அண்ணே?"

"ஆடுது. கணவாய்ல காத்து புடிச்சா ஆடுது. லேகா இனி ஏறமாட்டேங்கா. ரெண்டு பஸ் மாறிப் போறா. பிள்ளை முழிக்கதுக்கு முன்ன எறங்குதா, அது ஒறங்கின பொறவு வாறா. ரெண்டு வயசுப் பிள்ளை, ஞாயித்துக்கெழம அவளைப் பாத்து அழுது, யாரோ வந்திருக்கான்னு. ஒண்ணு வண்டி ஆடாம நிக்கணும், இல்லன்னா வேலையை விட்டிருவேங்கா."

இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும்? அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் குழந்தையின் அழுகையே எனக்குப் போதுமான விவரமாக இருந்தது. இது உங்களுக்கும் நேரும். வாடிக்கையாளரின் கஷ்டம் நன்றாகப் புரிந்துவிட்டால், வண்டியின் கோளாறும் புரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும்.

ஆறையும் பார்த்தேன். ஐந்து சரி. ஆறாவதுக்கு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினேன். ஹேண்டில் பேரிங் தளர்ந்திருந்தால் கையில் ஒரு தட்டல் தெரியும். இதில் துளியும் இல்லை.

"கல்லு மாதிரி இருக்குட்டி" என்றார் ஸ்டீபன் அண்ணன்.

கல் மாதிரி இருப்பது நல்லது என்று நானும் குறித்துக்கொண்டேன்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று மென்மையானது, மற்றது பந்தய வண்டிகளுக்குப் போடுகிற பலமான வகை. காற்று பலமானது, ஆகவே ஸ்டேபிலைசரும் பலமானதாக இருக்கட்டும் என்று எடுத்தேன். ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுவதும் திரும்புகிறதா என்று பார்த்து மாட்டி, குமிழை நடுவில் வைத்தேன். சுயம்பு அண்ணன் வடசேரி வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தார்.

"கொள்ளாம் தங்கச்சி. மண்ணுல நட்டு வச்ச மாதிரி நிக்குது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நட்டு வைத்தது வளையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, கடையில் நிற்க இடமில்லாத நேரம், வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய அதே பைக். முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து சுயம்பு அண்ணன் இறங்கினார், அவருக்குப் பின்னால் ஒரு பெண். கையில் ஹெல்மெட்.

அந்த நேரத்தில் எனக்கு ஓடிய முதல் எண்ணம், வண்டி ஓடுகிற நிலையில் இல்லையோ என்பது. இரண்டாவது, ஓடுகிற வண்டியை ஓட்டாமல் ஏற்றி வந்திருக்கிறார்கள் என்பது. இரண்டாவதுதான் சரி. அது முதலாவதைவிட மோசம்.

"நான் லேகா. இவருக்க வீட்டுக்காரி. வண்டி நேத்து கணவாய்ல ரொம்ப ஆடிட்டு. ஓட்டிக் கொண்டுவர மனசில்ல" என்றார் அந்தப் பெண்.

குரல் உயரவில்லை. சுற்றி நின்றவர்கள் சண்டைக்குக் காது கொடுத்துவிட்டு ஏமாந்து போனார்கள்.

நடந்தது இது. ஸ்டேபிலைசர் மாட்டிய நம்பிக்கையில் மறுபடி பின்னால் ஏறியிருக்கிறார் லேகா. தோவாளை தாண்டும்வரை வண்டி அசையவில்லை. கணவாயில் மலை விலகிய இடத்தில் காற்று பிடித்ததும் வண்டி பாம்பு போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளியத் தொடங்கியது. எதிரே காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரி. சுயம்பு அண்ணன் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல், ஆக்சிலேட்டரைப் பையப் பையக் குறைத்து வேகத்தை விழவிட்டு ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார். பதறிப் பிரேக் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அந்நேரம் இவ எம் முதுகுல தட்டிக்கிட்டே இருந்தா. பயந்துல்லா தட்டுகான்னு நெனச்சேன். கடைசில பாத்தா எண்ணினாளாம்!" என்றார் சுயம்பு அண்ணன்.

"பயந்தும்தான் தட்டினேன்" என்றார் லேகா. "பயத்துக்கு ஒரு வேலை குடுக்காண்டாமா?"

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மொதத் தடவை ஆடினப்பவும் எண்ணினேன். எண்ணுற வேகத்துலதான் ஆடுச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லலாம். நேத்தும் அதே வேகம்தான். ஆனா அகலம் கூடிப்போச்சு. மொதல்ல ஒரு முழம் ஆடுச்சுன்னா, நேத்து ரோட்டுல பாதி."

இருபது வருடம் வண்டி ஓட்டிய மெக்கானிக்குகள்கூட ஆட்டத்தை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டிகளில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று உதறல்: ஹேண்டில் மட்டும் படபடவென்று நடுங்கும், எண்ண முடியாது. மற்றது நெளிவு: மொத்த வண்டியும் மெதுவாக இடமும் வலமும் போகும், எண்ணலாம். ஸ்டேபிலைசர் முதலாவதற்கு மருந்து. இரண்டாவதற்கு அது விஷமாகக்கூட ஆகலாம், ஏனென்றால் வண்டி தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள ஹேண்டில் தாராளமாகத் திரும்ப வேண்டும். பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் 'ஆடுது' என்று ஒருவர் சொன்னபோது எப்படி ஆடுகிறது என்று கேட்கவில்லை.

லேகாவும் அதைத்தான் சொன்னார். "அன்னைக்கு நான் கூட வரல்ல. இவரு ஆடுதுன்னாரு. நீங்களும் எப்படின்னு கேக்கல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியாது. அது உங்க பாடம்."

பள்ளிக்கூடத்தில் இவரிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. உயிர் போய் வந்த மறுநாள், பார்த்ததை மட்டும் பார்த்தபடி சொல்லி, தெரியாத இடத்தில் கோடு போட்டு நிறுத்திக்கொள்ள எத்தனை பேருக்கு வரும்?

இதற்குள் முதலாளி கல்லாவை விட்டு வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

"என்ன மக்கா, பிடிப்பு பத்தலியா? இன்னும் அஞ்சாறு கிளிக் இறுக்கிக் குடு. ஆளுவ நிக்குல்லா."

ஸ்டீபன் அண்ணனும் தலையாட்டினார். "இறுக்கிப் பாக்கலாம்ட்டி."

இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி சொல்கிறார், அனுபவசாலி ஆமோதிக்கிறார், வேலையும் அரை நிமிட வேலை. என் விரல்கள் குமிழில் இருந்தன. நான் செய்ததில் தப்பில்லை, அளவில்தான் குறை என்று ஆகிவிடுமே! அந்தக் குமிழைத் திருக எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

லேகா கேட்டார்: "இறுக்கினா நிக்கும்னு தெரிஞ்சு சொல்லுதியளா, இல்ல அப்படித் தோணுதா?"

கேலி இல்லை. கணக்குப் போட்ட பிள்ளையிடம் எந்த வழியில் போட்டாய் என்று கேட்கிற குரல்.

"தோணுது" என்றேன். கையை எடுத்தேன்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். முதலாளி முகம் சுருங்கியது. நான் ஸ்டேபிலைசரைக் கழற்றத் தொடங்கினேன்.

"வித்த சாமானை எல்லாரும் பாக்கக் கழத்துறியே மக்கா" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"கழத்தாம எனக்கு ஒண்ணும் தெரியாது முதலாளி. பத்து நிமிசம் தாங்க."

முதலாளி கூட்டத்தின் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஒரு சாயா குடிச்சிட்டு வாருங்க, பிள்ளைக்குக் காத்து வேணும்" என்றார்.

ஸ்டேபிலைசர் வெளியே வந்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினோம். இந்தச் சோதனையைக் கவனியுங்கள். ஹேண்டிலை நடுவில் வைத்துவிட்டு, விரலால் லேசாகத் தட்ட வேண்டும். சரியான வண்டி என்றால் ஹேண்டில் தன் எடையிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். தட்டினேன். விரலகலம் நகர்ந்து அங்கேயே நின்றது. மறுபக்கம் தட்டினேன். அங்கேயும் நின்றது.

"நிக்குதே!" என்றேன்.

"நிக்காம?" என்றார் ஸ்டீபன் அண்ணன், இதில் என்ன அதிசயம் என்பது போல. "காத்துக்கு முறுக்கினதுல்லா. நிக்கத்தான் செய்யும்."

குனிந்து ஹேண்டிலின் கழுத்து நட்டைப் பார்த்தேன்.

மதுரைக்காரருக்கு மறுபடியும் விளக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. காற்றுக்காலம் தொடங்குமுன், வைகாசி கடைசியில், பைக்கைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஹேண்டிலின் கழுத்து நட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி வாங்குவார்கள். 'காத்துக்கு முறுக்குறது' என்று பெயர். ஹேண்டில் விறைப்பாக இருந்தால் காற்றில் ஆடாது என்பது நம்பிக்கை. மழைக்குக் குடை வாங்குவது போல. எங்கள் வீட்டில் அப்பா தன் வண்டிக்கு வருடம் தவறாமல் செய்வார். நானே சிறுவயதில் அவருக்கு டார்ச் பிடித்திருக்கிறேன். வேறு ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தால், அந்த ஹேண்டிலைத் தொட்டதும் இது ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று கேட்டிருப்பார். ஆனியில் நம் கடைக்கு வருகிற வண்டியெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்பதால், ஸ்டீபன் அண்ணனுக்கும் எனக்கும் அது ஹேண்டிலின் இயல்பாகவே ஆகிவிட்டது. தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பட்டியலில் இடம் வைத்த நான், இறுகியிருக்கிறதா என்று பார்க்க இடமே வைக்கவில்லை.

"நான் எல்லா வருசமும் முறுக்குவேன். இந்த வருசம் லேகாவும் வாறாளேன்னு கொஞ்சம் கூடவே முறுக்கச் சொன்னேன்" என்றார் சுயம்பு அண்ணன், மெதுவாக.

லேகா அவரைத் திரும்பிப் பார்த்தார். "கோபுரத்துல இப்படித்தான் முறுக்குவியளா?"

"அங்க கருவி வச்சு, அளவு பாத்துல்லா முறுக்கணும். கைக்கணக்குல ஒரு போல்ட்டை முறுக்கினா அன்னைக்கே எறக்கி விட்டிருவான்."

"அப்ப காத்தாடிக்கு அளவு உண்டு, பெண்டாட்டிக்கு இல்ல."

முதலாளிதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். சுயம்பு அண்ணன் காதுவரை சிவந்து, ஹெல்மெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

கழுத்தைப் பிரித்தோம். பேரிங் குண்டுகள் உட்காரும் வளையத்தில் ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் சிறு குழிகள். முறுக்கிய முறுக்கில் குண்டுகள் தங்கள் இடத்தைத் தாங்களே குடைந்துகொண்டிருந்தன. புதுப் பேரிங் போட்டு, அளவு பார்க்கும் கருவியால் இறுக்கினோம். அந்த வேலையை சுயம்பு அண்ணனே செய்தார். அவரைவிட நிதானமாக அந்தக் கருவியைப் பிடித்தவரை நான் பார்த்ததில்லை. ஹேண்டிலைத் தட்டினேன். இடது பக்கம் தானாகச் சாய்ந்து விழுந்தது.

பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு வகுப்பின் கணக்கு நோட்டுகள் முழுவதும்.

"எம் பிள்ளையளுக்க நோட்டுதான் வண்டியை ஆட்டுதுன்னு சொல்லப் போறியளா?"

"பாதிக் காரணம் அதுதான் டீச்சர். பின் சக்கரத்துக்கும் பின்னால இவ்வளவு கனம் இருந்தா முன்பக்கம் லேசாயிரும்."

"செரி. இனி பள்ளிக்கூடத்துலயே திருத்துகேன். இவரு சமையல் செய்யட்டும்."

இனி என்ன? ஸ்டேபிலைசரைத் திரும்ப மாட்டுவதா, வேண்டாமா? மாட்டினால் முதலாளிக்கு மகிழ்ச்சி, எனக்கும் மானம் மிஞ்சும். மாட்டாமல் அனுப்பினால், நாளை கணவாயில் ஒரு அசைவு வந்தாலும் பொறுப்பு என்னுடையது. வேண்டாம் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுக்கியது. லேகா அதைக் கவனித்துவிட்டார்.

"இதும் தோணுறதா?"

"இல்ல. காரணம் தெரிஞ்சு சொல்லுதேன். ஆனா காத்துல ஓட்டிப் பாக்கல்ல."

"அப்ப ஓட்டிப் பாப்போம். நீங்க ஓட்டுங்க. நான் பின்னால இருக்கேன்."

சுயம்பு அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். லேகா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "காத்துல சத்தம் கேக்காது. ஒரு ஆட்டத்துக்குத் தோள்ல ஒரு தட்டு. செரியா?"

மறுக்க எனக்கு வழியில்லை. யோசித்துப் பார்த்தால், மறுக்கவும் கூடாது. தான் பொருத்திய வண்டியில் தன் உயிரை வைக்கத் தயங்குகிறவர், அடுத்தவர் உயிரை அதில் அனுப்பக் கூடாது. அவர் அதை வாயால் சொல்லவில்லை. பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். முந்தின நாள் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெளிந்த அதே வண்டியில், அதே இடத்துக்கு, முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பி. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் என் பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஸ்டீபன் அண்ணன் கடை பைக்கை எடுத்துக்கொண்டார். அவர் பின்னால் சுயம்பு அண்ணன். தோவாளை கடந்தது. இடது பக்கம் மலை நெருங்கியது. காற்றில்லாத அந்தத் துண்டில் என் மூச்சின் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. லேகாவின் வலது கை என் தோளில் வந்து அமர்ந்தது, எண்ணத் தயாராக.

மலை விலகியது.

காற்று பக்கவாட்டில் மொத்தமாக வந்து மோதியது. வண்டி வலது பக்கம் ஒரு முழம் போனது. தோளில் ஒரு தட்டு. கையைத் தளர்வாக வைத்துக்கொண்டேன். ஹேண்டில் என் விரல்களுக்குள் தானாகத் திரும்பியது. வண்டி காற்றின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, தன் வழிக்கு வந்தது. இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அடுத்த காற்று வந்தது, அதற்கு அடுத்ததும். தள்ளும், சாயும், நிமிரும். தோளில் அந்தக் கை அப்படியே இருந்தது. காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த வெளி வந்தபோது, கையே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பந்தலில் ஒரு சாயாக் கடை வாசலில் நிறுத்தினோம். பின்னால் வந்தவர்கள் இறங்குவதற்குள் லேகா எங்களிடமிருந்து விலகிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. சுயம்பு அண்ணன் பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு. அதும் காத்து தள்ளினது, வண்டி ஆடினதில்ல" என்று கணக்கை ஒப்படைத்தார்.

திரும்பும்போது அவர் கணவரின் பின்னால் ஏறிக்கொண்டார். திங்கள் முதல் பணகுடிக்குப் பைக்கில்தான் போகிறார் என்று பிறகு அறிந்தேன். அந்த ஸ்டேபிலைசரை முதலாளி முணுமுணுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

உங்களுக்கான பாடம் இங்கேயே முடிந்திருக்கலாம். எப்படி ஆடுகிறது என்று கேளுங்கள், பின்னால் உட்காருபவரிடமும் கேளுங்கள், ஹேண்டில் தானாகச் சாய்கிறதா என்று பாருங்கள், உதறலாக இருந்தால் மட்டும் ஸ்டேபிலைசர் போடுங்கள், போட்டாலும் மிக மென்மையான படியிலிருந்து தொடங்குங்கள். ஆனால் கடைக்குத் திரும்பி வந்து கை கழுவும்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த ஆனியில் நான் ஸ்டேபிலைசர் மாட்டி அனுப்பியது சுயம்பு அண்ணனுக்கு மட்டும் அல்ல. நோட்டைப் புரட்டினேன். இன்னும் நான்கு பெயர்கள். நான்கு வண்டிக்கும் என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: 'ஹேண்டில் நல்ல இறுக்கம்.'

முதலாளியிடம் சொன்னேன். "நாமளே கூப்பிட்டு நம்ம தப்பைச் சொல்லணுமா மக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், தன் செல்போனை எடுத்து நீட்டினார். "எம் போன்ல கூப்பிடு. கடை நம்பரைக் கண்டா எதையோ விக்கத்தான் கூப்பிடுதான்னு எடுக்கமாட்டானுவ."

முதல் இரண்டு பேர் திங்களன்று வண்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவரின் எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டேன். நான்காவது, குளச்சல்காரர் ஒருவர். பின்னணியில் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"முறுக்கினியளான்னா கேக்க? அதெல்லாம் பயப்படாண்டாம் தங்கச்சி. இப்ப திருநெல்வேலிக்குப் போறோம்லா, காலம்பறதான் இன்னும் ஒரு பிடி முறுக்கி வச்சேன். வீட்டுக்காரியும் பிள்ளையும் ஏறியாச்சு."

"அண்ணே, அவங்களை எறக்குங்க" என்றேன். "தப்பு என்னுது. வண்டியை எடுக்காதீங்க, நான் அங்க வாறேன்."

மறுமுனையில் எஞ்சின் அணைந்தது. பிறகு, "ஏட்டி, எறங்கு. பிள்ளையையும் எறக்கு" என்று அவர் வேறு யாரிடமோ சொல்வது கேட்டது.

நான் போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள், ஸ்டீபன் அண்ணன் அளவு பார்க்கும் கருவியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பைக்கை ஸ்டார்ட் செய்திருந்தார்.